டைம்ஷேர் வாங்குவதா, வாடகைக்கு அறை எடுப்பதா? காவிரிப் படுகைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, தெரிந்தவர்கள் கொண்டுவரும் காகிதங்களைப் படித்துக் கணக்குப் பார்த்துச் சொல்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. காப்பீட்டுப் பத்திரம், நகைக்கடன் ரசீது, பயிர்க்கடன் பாக்கி ஆகியவற்றுக்கு நடுவே, சில ஆண்டுகளாக "ஹாலிடே மெம்பர்ஷிப்" ஒப்பந்தங்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. கொண்டுவருபவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள் என்பதால், அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். கணக்குகளில் வரும் விலை, கட்டணம், வாடகை, வட்டி ஆகியவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட தொகைகள். உங்களிடம் கொடுக்கப்பட்ட தாளில் உள்ள தொகைகளை அந்தந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

டைம்ஷேர் என்பது என்ன?

மலை வாசஸ்தலத்திலோ கடற்கரையிலோ உள்ள விடுதி அறையை ஆண்டுக்குச் சில நாள்கள் வீதம், பல ஆண்டுகளுக்குப் பயன்படுத்தும் உரிமையை மொத்தமாகப் பணம் கட்டி வாங்குவதே டைம்ஷேர். 1960களில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் தோன்றிய முறை இது. நம் நாட்டில் 1986இல் தொடங்கப்பட்ட ஸ்டெர்லிங், 1996இல் தொடங்கப்பட்ட மகிந்திரா ஹாலிடேஸ் ஆகிய இரண்டும் இதைப் பரவலாக்கின. இன்று பெரும்பாலும் விற்கப்படுவது ஆண்டுக்கு ஏழு நாள் வீதம் 25 ஆண்டுகளுக்கான திட்டம்.

கடைமடையில் நிலம் வைத்திருப்பவர்களிடம் நான் இதை முறைத்தண்ணீர் என்றே சொல்வேன், உடனே விளங்கிவிடும். முறை வரும்போது மடை திறக்க ஆள் இல்லையென்றால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும், ஆனால் வாய்க்கால் வெட்டும் செலவில் உங்கள் பங்கை நீங்கள் கொடுத்தாக வேண்டும். டைம்ஷேரிலும் அறையில் தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் என்று ஒன்று வந்துகொண்டே இருக்கும். தங்காத நாள்களை அடுத்த ஆண்டுக்குச் சேர்த்துவைக்கப் பல திட்டங்கள் அனுமதிக்கின்றன என்றாலும், எத்தனை நாள், எத்தனை ஆண்டு என்பதற்கு வரம்பு உண்டு.

பத்திரம் பதிவாகுமா? பட்டா கிடைக்குமா?

கிடைக்காது. அமெரிக்காவில் விற்கப்படும் டைம்ஷேர்களில் பல, சொத்துப் பத்திரமாகவே பதிவாகின்றன. இங்கே நீங்கள் கையெழுத்திடுவது பயன்படுத்தும் உரிமைக்கான ஒப்பந்தம் மட்டுமே. சார்பதிவாளர் அலுவலகத்தில் எத்தனை ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் உங்கள் பெயர் வராது. "கொடைக்கானலில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளலாமே தவிர, அதை வைத்து வங்கியில் கடன் கேட்க முடியாது. ஒத்திக்கு வீடு பிடித்தால்கூடக் கெடு முடிந்ததும் கொடுத்த தொகை திரும்பி வரும். இதில் 25ஆம் ஆண்டு முடிவில் திரும்பி வருவது எதுவும் இல்லை.

ஓர் இரவுக்கு 2,286 ரூபாய்தான் ஆகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அது சரியா?

வகுத்தல் சரி, வகுக்க எடுத்துக்கொண்ட தொகைதான் போதாது. உறுப்பினர் விலையான நான்கு லட்சம் ரூபாயை 25 ஆண்டு, ஆண்டுக்கு ஏழு இரவு, ஆக 175 இரவுகளால் வகுத்தால் 2,286 ரூபாய் வருவது உண்மையே. இதில் ஆண்டுக் கட்டணம் சேரவில்லை. அது வரியோடு 18,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஏழு இரவுகளுக்குப் பிரித்து இரவுக்கு 2,571 ரூபாய் கூடி, மொத்தம் 4,857 ரூபாய் ஆகிறது. சொல்லப்பட்ட விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஏழு இரவுக்குப் பதில் சராசரியாக ஐந்து இரவுதான் தங்கினீர்கள் என்றால் 6,800 ரூபாய். நான்கு இரவு என்றால் 8,500 ரூபாய்.

இதைவிடத் தெளிவாகப் பார்க்க நான் வேறொரு கணக்குப் போடுவேன். அதே நான்கு லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 28,000 ரூபாய் வட்டி வரும். வருமான வரி கட்ட வேண்டியவர்கள் அதற்குரிய பிடித்தத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். டைம்ஷேர் இல்லாததால் மிச்சமாகும் 18,000 ரூபாயையும் அதோடு சேர்த்தால் கையில் 46,000 ரூபாய். சீசனில் ஒரு நல்ல அறையின் வாடகை 5,000 ரூபாய் என்றால், முதல் ஆண்டில் ஒன்பது இரவு தங்கலாம். முதல் அப்படியே இருக்கும்.

வாடகை ஏறுமே என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். வாடகையும் ஆண்டுக் கட்டணமும் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டும் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். அப்போது வட்டி 28,000, மிச்சமாகும் கட்டணம் சுமார் 36,200, ஆக 64,200 ரூபாய். அறை வாடகை இரவுக்குச் சுமார் 10,060. அந்த ஆண்டிலும் ஆறு இரவு தங்கிவிடலாம். 25ஆம் ஆண்டில் வாடகை 20,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். அப்போதும் ஏறத்தாழ ஐந்து இரவு கிடைக்கும், அதன் பிறகும் நான்கு லட்சம் வங்கியில் இருக்கும்.

அப்படியானால் எவ்வளவு தங்கினால் கட்டுப்படியாகும்?

மேலே சொன்ன தொகைகளின்படி, ஆண்டு தவறாமல், ஏழு இரவும் முழுமையாக, அதுவும் சீசனில் தங்குகிற குடும்பத்துக்கு வாடகையும் டைம்ஷேரும் கிட்டத்தட்டச் சமமாக வந்து நிற்கும். அந்த ஏழு இரவுகளையும் வாடகை 7,000 ரூபாயாக உள்ள தரத்தில் கழிக்க விரும்புபவருக்கு டைம்ஷேர் தெளிவாக லாபம். இதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஒரு வாரம் குடும்பத்தோடு கிளம்பிவிடும் பழக்கமுள்ள சென்னை, பெங்களூரு குடும்பங்கள் சில இதில் மனநிறைவோடு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஆண்டுக்கு நான்கே இரவு தங்குபவரின் கணக்கைப் பாருங்கள். நான்கு இரவின் வாடகை 20,000 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 18,000 ரூபாய். இரண்டுக்கும் இடையில் உள்ள 2,000 ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக அவர் நான்கு லட்சம் கொடுக்கிறார். இந்த 2,000 ரூபாய் வித்தியாசத்தை, விலையேற்றத்தோடு சேர்த்து 25 ஆண்டுகளுக்கும் ஈடுகட்ட, இன்று வங்கியில் ஏறத்தாழ 45,000 ரூபாய் போட்டுவைத்தால் போதும்.

எனவே என்னிடம் வருபவரிடம் நான் விலையைப் பற்றி முதலில் கேட்பதில்லை. "போன அஞ்சு வருஷத்துல வீட்டை விட்டு வெளியே போய் எத்தனை ராத்திரி தங்கினீங்க? கல்யாணம், காரியம், ஆஸ்பத்திரி நீங்கலா" என்றுதான் கேட்கிறேன். பெரும்பாலானவர்கள் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, ஒரு கை முடியும் முன்பே நிறுத்திவிடுகிறார்கள்.

எங்களுக்கு நிலம் இருக்கிறது. ஆண்டில் எப்போதாவது ஒரு வாரம் கிளம்பிவிட முடியாதா?

முடியும் என்றுதான் ஒப்பந்தம் போடும் அன்று எல்லோருக்கும் தோன்றுகிறது. ஆண்டை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால் குறுவை வேலை, ஆவணியில் சம்பா நாற்றங்கால், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, வயலில் தண்ணீர் வடிகிறதா என்ற கவலை, தையில் அறுவடை, அறுத்த நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, மழை வந்தால் மூட தார்ப்பாயோடு காத்திருக்கும் நாள்கள், அதன் பின் உளுந்து, பயறு. நடுவில் தை, வைகாசி, ஆவணி என்று கல்யாண மாதங்கள். பங்குனியில் பிள்ளைகளுக்குத் தேர்வு. உண்மையில் மிஞ்சுவது சித்திரைப் பிறப்பிலிருந்து பள்ளி திறக்கும் வரையுள்ள ஆறு, ஏழு வாரங்கள்தாம்.

அதே வாரங்களில்தான் தமிழ்நாடு முழுவதும் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் கிளம்புகிறது. டைம்ஷேர் திட்டங்கள் ஆண்டைச் சீசன்களாகப் பிரித்தே விற்கின்றன. மகிந்திராவில் ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறங்களால் அவற்றைக் குறிப்பார்கள். விலை குறைந்த நிறத்தை வாங்கினால் கோடை விடுமுறை உங்களுக்குத் திறக்காது. எங்கள் பகுதிக் குடும்பத்துக்கு விலை உயர்ந்த நிறம் மட்டுமே உதவும். அதை வாங்கினாலும் அந்த ஆறு வாரத்துக்குள் இடம் பிடிக்கப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். தை மாதமே மே மாதத்துக்கு அறை பதிவு செய்யும் பழக்கம் எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

மறுபுறம், அறுவடை நன்றாக முடிந்து மாசி மாதம் ஒரு நாலு நாள் கையில் கிடைத்தால், அது மலையில் சீசன் இல்லாத காலம். வாடகையே குறைவாக இருக்கும், முந்தின வாரம் தொலைபேசியில் சொன்னாலே அறை கிடைக்கும். அந்த நான்கு நாளுக்கு டைம்ஷேர் எதற்கு?

ஏதோ ஓர் ஆண்டு போக முடியாமல் போனால் அவ்வளவு பெரிய இழப்பா?

ஓர் ஆண்டு என்றால் இல்லை. ஆனால் 25 ஆண்டு என்பது நீண்ட காலம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகளோடு பல குடும்பங்களின் பத்தாண்டு வருமானமும் சாய்ந்தது. அடுத்த சில கோடைகளில் அவர்களில் யாரும் மலைக்குப் போயிருக்க வாய்ப்பில்லை. 2020 கோடை முழுவதும் ஊரடங்கில் போயிற்று. வாடகைக்கு அறை எடுப்பவர் அத்தகைய ஆண்டில் செலவைச் சுழியமாக்கிவிடலாம். டைம்ஷேர் வைத்திருப்பவருக்கு அந்த ஆண்டின் கட்டணச் சீட்டு வழக்கம்போல் வரும். அதைத் தள்ளிவைக்கவோ குறைக்கவோ வழி இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். வருமானம் மழையையும் மேட்டூரையும் நம்பியிருக்கும் வீட்டுக்கு, நிறுத்தவே முடியாத செலவு ஒன்றைக் கூட்டிக்கொள்வதில்தான் எனக்குத் தயக்கம்.

விலையில் வரி சேர்ந்திருக்கிறதா?

தாளில் தேடிப் பாருங்கள். உறுப்பினர் கட்டணத்துக்கும் ஆண்டுக் கட்டணத்துக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. நான்கு லட்சம் என்று சொல்லிவிட்டு வரியைத் தனியாகக் கேட்டால் மேலும் 72,000 ரூபாய். விடுதி அறை வாடகையிலோ, இரவுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான்.

மாதத் தவணையில் கட்டலாம் என்கிறார்கள். சுமை தெரியாது அல்லவா?

நான்கு லட்சத்தை 15 சதவீத வட்டியில் 48 மாதத் தவணையாகக் கட்டினால், மாதம் சுமார் 11,130 ரூபாய். மொத்தம் 5,34,000 ரூபாய்க்கு மேல் போகும். ஆண்டுக் கட்டணம் இதற்கு வெளியே. உர மூட்டைக்கும் நடவுக் கூலிக்கும் நகையை வைப்பவர்கள் நம்மில் பலர். அந்தக் கடனாவது வயலில் விளைந்து திரும்புகிறது. உல்லாசத்துக்காக நகையை வைப்பதாக யாராவது என்னிடம் சொன்னால், கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வீட்டு அம்மாவைக் கூப்பிடச் சொல்வேன்.

துணிக்கடையில் கூப்பன் எழுதிப் போட்டோம், பரிசு விழுந்திருக்கிறது என்று அழைத்தார்கள். போகலாமா?

போவதில் தவறில்லை, போகும்போது காசோலைப் புத்தகத்தையும் அட்டைகளையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நானும் என் மனைவியும் ஒரு தீபாவளிக்குப் பிறகு அப்படி அழைக்கப்பட்டுத் தஞ்சாவூரில் ஒரு ஹோட்டல் அரங்குக்குப் போயிருந்தோம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் பரிசு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காரணம் எளிது: "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்ற பதிலுக்கு இடம் இருக்கக் கூடாது.

வட்ட மேசை ஒன்றில் உட்காரவைத்து, காபி கொடுத்து, சிறிது நேரம் எங்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பற்றி விசாரித்தார்கள். பிறகு ஒரு தாளின் பின்பக்கத்தில் பந்துமுனைப் பேனாவால் 6,80,000 என்று எழுதப்பட்டது. நான் பேசாமல் இருந்தேன். அது அடிக்கப்பட்டு 5,40,000 ஆயிற்று. மேலாளர் என்று ஒருவர் வந்து நின்றுகொண்டே அதையும் அடித்து, "சாருக்காக, இன்னைக்கு மட்டும்" என்று 4,00,000 எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்தார். கால் மணி நேரத்தில் 2,80,000 ரூபாய் குறைந்த பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை. அடிமாட்டுச் சந்தையில்கூடத் துண்டுக்குள் விரல் பிடித்து இதைவிடக் கௌரவமாக விலை பேசுவார்கள்.

என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "வருஷா வருஷம் கட்டறது எவ்வளவு ஏறும்னு இதுல எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு தம்பி?" அந்தப் பையன் ஒப்பந்தத்தை முன்னும் பின்னும் புரட்டினான். "கொஞ்சம்தான் மேடம் ஏறும்" என்றான். "அது சரி, எந்தப் பக்கம்?" என்றாள் இவள். பக்கம் கடைசிவரை கிடைக்கவில்லை. அவன் மீது எங்களுக்குக் கோபமில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பிள்ளை, மாத இலக்கு வைத்து வேலை வாங்குகிறார்கள். பரிசாகக் கொடுத்த "மூன்று இரவு இலவசத் தங்கல்" சீட்டை வீட்டுக்கு வந்து படித்தபோது, அது ஏப்ரல், மே மாதங்களில் செல்லாது, திங்கள் முதல் வியாழன் வரை மட்டுமே, பதிவுக் கட்டணம் தனி என்று கண்டிருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன்.

எடுத்துக்கொள்ள வேண்டிய செயல் இதில் ஒன்றுதான்: வாயால் சொல்லப்படும் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்க எண் கேளுங்கள். கட்டண ஏற்றத்துக்கு உச்சவரம்பு, பதிவு செய்ய வேண்டிய கெடு, இடம் கிடைக்காவிட்டால் என்ன தருவார்கள், பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்ற நான்குக்கும் பக்க எண் கிடைத்த பிறகு வீட்டுக்கு வந்து படியுங்கள். "இன்று மட்டும்" என்ற விலை அடுத்த மாதமும் இருக்கும்.

நேற்றே கையெழுத்திட்டுவிட்டோம். திரும்பப் பெற முடியுமா?

இன்றே ஒப்பந்தத்தை எடுத்து, எத்தனை நாளுக்குள் விலகலாம் என்ற பிரிவைத் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள் அவகாசம் சட்டமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் 10 நாள், கலிபோர்னியாவில் 7 நாள். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லாததால், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் முதல் பிடி. அந்த நாளுக்குள், மின்னஞ்சலிலும், சேர்ந்ததற்கான சான்றோடு கூடிய விரைவுத் தபாலிலும் (ஸ்பீடு போஸ்ட்), "விலகுகிறேன், பணத்தைத் திருப்பித் தருக" என்று எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னது எதுவும் பின்னால் நிற்காது. தொலைபேசியில் பேசி "ஒரு வாரம் பொறுங்க சார்" என்று இழுக்கப்பட்டு, கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புகார் செய்ய வேண்டுமானால் மும்பைக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். "மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்" என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர இடம் தருகிறது. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையங்கள் உள்ளன. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை நீதிமன்றக் கட்டணம் இல்லை. புகாருக்குரிய நிகழ்வு நடந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற பிரிவும் உங்களைத் தடுக்காது; 2018இல் எம்மார் எம்.ஜி.எஃப். என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. ஒப்பந்தத்தின் நிபந்தனையே நியாயமற்றது என்று வாதிடுவதானால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிடலாம். சில நேரம் அதிலேயே நிறுவனம் இறங்கிவருகிறது.

தங்காவிட்டால் பணம் வட்டியோடு திரும்பும் என்று ஒரு திட்டம் சொல்கிறார்கள். அது பாதுகாப்பானதா?

தங்குவதற்கு வாங்கும் உரிமையும் பணம் பெருக்கும் திட்டமும் ஒரே காகிதத்தில் வந்தால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனம் அறை இரவுகளை விற்று, தங்காதவர்களுக்கு ஒப்படைப்பு மதிப்பு என்ற பெயரில் பணம் தருவதாகச் சொல்லி நாடு முழுவதும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பணம் திரட்டியது. அது அனுமதியில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று முடிவு செய்த, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, 7,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையைத் திருப்பித் தருமாறு 2016இல் உத்தரவிட்டது. உத்தரவு கிடைப்பதும் பணம் கைக்கு வருவதும் வேறு வேறு என்பதைச் சீட்டுக் கம்பெனிகளைப் பார்த்த எங்கள் ஊருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேண்டாம் என்றால் விற்றுவிடலாமே? பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாமே?

பெயர் மாற்ற நிறுவனத்தின் ஒப்புதலும் அதற்கொரு கட்டணமும் தேவைப்படும். பழைய உறுப்பினர் உரிமையைத் தேடி வாங்குபவர் மிகக் குறைவு. வாங்குபவரும் நீங்கள் கொடுத்ததில் சிறு பகுதியைத்தான் தருவார். பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால், உரிமையோடு ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள் என்பதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வலையும் இருக்கிறது. "உங்கள் பழைய மெம்பர்ஷிப்பை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம், வரியை மட்டும் முதலில் கட்டுங்கள்" என்று தொலைபேசி வரும். கட்டியதும் அந்த எண் அணைந்துவிடும்.

வெளிநாட்டு விடுதிகளிலும் தங்கலாம் என்கிறார்களே?

1974இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஆர்.சி.ஐ. போன்ற பரிமாற்ற அமைப்புகள் வழியாக அது சாத்தியமே. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. விமானச் சீட்டும் விசாவும் உங்கள் செலவு. சிங்கப்பூருக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் அங்கே அத்தை வீட்டில்தானே தங்குகிறார்கள்.

அறை கையில் இருந்தால் சீசனில் அலைச்சல் இருக்காது அல்லவா?

அறை தேடும் அலைச்சல் குறையும். மலையேறும் அலைச்சல் குறையாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை. 2025 கோடையில் நாளொன்றுக்கு நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் இந்தக் கவலை இல்லை. மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாகக் கோயம்புத்தூர் போகும் ஜன் சதாப்தியில் ஏறி, மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்தில் ஊட்டிக்குப் போவது வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நல்ல வழி.

சரி, வாடகைக்கு எடுப்பதானால் எங்கே, எப்படி?

வீட்டில் யாராவது வங்கியிலோ எல்.ஐ.சி.யிலோ ரயில்வேயிலோ வேலை பார்ப்பவராகவோ ஓய்வுபெற்றவராகவோ இருந்தால், முதலில் அந்த நிறுவனத்தின் ஹாலிடே ஹோமைக் கேளுங்கள். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் கன்னியாகுமரியிலும் நம்ப முடியாத குறைந்த வாடகையில் அறைகள் இருக்கின்றன. விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் சோம்பல்பட்டே பலர் விட்டுவிடுகிறார்கள். என் பணிக்காலத்தில் நானே இரண்டு முறைதான் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்தது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு விடுதிகள். அதற்கடுத்துத் தனியார் விடுதிகளும் மலையிலுள்ள தனி வீடுகளும்.

தனி வீடு எடுப்பதில் ஒரு வசதி உண்டு. மாமியாருக்கு ரசமும் தயிர்சாதமும், பேரனுக்குப் பருப்பு சாதமும் வேண்டும் என்றால் அடுப்புள்ள வீடாகப் பார்த்து எடுக்கலாம். டைம்ஷேர் விடுதிகளில் அறைக்குத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள், சாப்பாட்டுக்கு அல்ல; ஆறு பேர் ஏழு நாள் அங்கே மூன்று வேளையும் சாப்பிட்டால், சாப்பாட்டுச் சீட்டு அறை வாடகையோடு போட்டி போடும். சில விடுதிகளில் சிறு சமையலறையோடு அறைகள் இருக்கின்றன. வாங்குவதாக இருந்தால் அந்த வகை அறை உங்கள் ஒப்பந்தத்தில் அடங்குமா என்று கேளுங்கள்.

வாடகை சில நாள்களில் எகிறிவிடும் என்பதும் உண்மையே. 2016 மகாமகத்தின்போது கும்பகோணத்தில் திண்ணைக்குக்கூட விலை இருந்தது. அடுத்த மகாமகம் 2028இல் வரும்போதும் அப்படித்தான் இருக்கும். மலையிலும் மே மாதத்துச் சனி, ஞாயிறுகளில் அதே கதை. ஞாயிறு பிற்பகல் போய்ச் சேர்ந்து வியாழக்கிழமை இறங்கினால் அதில் பெரும்பகுதி தப்பிவிடும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வாங்கிவிட்டோம். இனி என்ன செய்வது?

கொடுத்த தொகையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தொடர்ந்தாலும் விட்டாலும் அது திரும்பாது. இந்த ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, அதற்கு நீங்கள் உண்மையில் தங்கப் போகும் இரவுகளுக்கு அதே தரமுள்ள அறையின் வாடகை எவ்வளவு என்ற இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள். வாடகை கூடுதல் என்றால் கட்டிவிட்டுப் போய்த் தங்குங்கள். கட்டணம் கூடுதல் என்றால், ஒப்படைத்து விலகும் வழியும், கட்டாமல் நின்றால் நிலுவைக்கு வட்டி போடுவார்களா என்பதும் ஒப்பந்தத்தில் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். பாராமல் கட்டணத்தை நிறுத்திவிட வேண்டாம்.

திருவாரூர்ப் பக்கம் உள்ள என் ஒன்றுவிட்ட அண்ணன் இப்படித்தான் 25 ஆண்டுத் திட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். நான்கு ஆண்டுகள் போகாமலேயே கட்டணம் கட்டிவந்தவர். போன தையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அவர் போகப்போவதில்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் அவர் மகள் குடும்பத்துக்கு உதகை இரண்டு மணி நேரப் பயணத்துக்குச் சற்றுக் கூடுதல். விருந்தினர் பெயரில் பதிவு செய்ய ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று தேடினோம். 14ஆம் பக்கத்தில் இருந்தது. இப்போது ஆண்டுக் கட்டணத்தை மருமகன் கட்டுகிறார், பேரப்பிள்ளைகள் மே மாதம் மலையில் இருக்கிறார்கள், அண்ணன் கோடை உழவு ஓட்டிக்கொண்டிருக்கிறார்.